அசையாத நிழல்

மன்சூர் அலியின் கடையில் சூட்கேஸ் வாங்காமல் காரைக்காலிலிருந்து யாரும் அரபு நாட்டுக்கு விமானம் ஏறியதில்லை என்று ஊரில் வேடிக்கையாகச் சொல்வார்கள். வேடிக்கைதான் என்றாலும் அதில் முக்கால்வாசி உண்மை. குவைத்தில் இருபத்திரண்டு வருஷம் குப்பை கொட்டிவிட்டு வந்து அவர் போட்ட கடை அது. பெட்டியை விற்றதோடு விட்டுவிட மாட்டார். பூட்டைத் திறந்து மூடிக் காட்டுவார், சக்கரத்தை உருட்டிக் காட்டுவார், போகிறவன் பெயரைப் பட்டை மார்க்கரால் தானே எழுதி, நல்லபடியாகப் போய் வா என்று துஆவும் செய்து அனுப்புவார். அப்படிப்பட்ட மனிதருக்குக் கண்ணில் ஆபரேஷன் என்றால் எத்தனை பேர் பார்க்க வருவார்கள் என்று அவர் மனைவி உம்மு சல்மா முன்னாலேயே யோசித்திருக்க வேண்டும். அவளுக்கு அப்போது அதையெல்லாம் யோசிக்க நேரமில்லை.

மன்சூர் அலிக்கு வலது கண் இருந்தும் இல்லாத மாதிரிதான். பதினோரு வயதில் பம்பரத்தின் ஆணி பட்டுப் போனது. வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் அதில் தெரியும். மிச்ச வாழ்க்கை முழுவதையும், குவைத்து உட்பட, அவர் இடது கண்ணை வைத்துத்தான் ஓட்டினார். ஒரு நாள் காலையில் கடை ஷட்டரைத் தூக்கும்போது அந்த இடது கண்ணில் மின்னல் வெட்டியது. மறுநாள் கொசு பறப்பதுபோல் கறுப்புப் புள்ளிகள். மூன்றாம் நாள் ஓரத்தில் இருட்டு. பாண்டிச்சேரி கண் ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டர், கண்ணுக்குள்ளே இருக்கிற விழித்திரை கிழிந்து, ஓதம் ஏறிய சுவரில் காகிதம் உரிவதுபோல உரிந்து வருகிறது என்றார்.

திங்கட்கிழமை ஆபரேஷன் நடந்தது. கண்ணுக்குள் வாயுவை நிரப்பியிருந்தார்கள். அந்தக் குமிழிதான் உள்ளேயிருந்து அழுத்தி விழித்திரையை ஒட்டவைக்கும். அது சரியான இடத்தில் அழுத்த வேண்டுமென்றால் பத்து நாளைக்குக் கவிழ்ந்த தலை நிமிரக் கூடாது. சாப்பாட்டுக்கும் தொழுகைக்கும் குளியலறைக்கும் மட்டும் கொஞ்ச நேரம் விதிவிலக்கு. வாயு கரைந்து தீரும்வரை விமானம் ஏறவும் கூடாது என்றார்கள். ஊரையே விமானம் ஏற்றிவிட்ட மனுஷனுக்கு வந்த சோதனையைப் பார் என்று உம்மு சல்மா அந்த நிலைமையிலும் சிரித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு அனுப்பும்போது விஷ்ணுப்ரியா என்ற நர்ஸ் ஒரு காகிதத்தைக் கொடுத்து, வரிவரியாகப் படித்தும் காட்டினாள். மாத்திரைக்கு அடங்காத வலி, வலியோடு வாந்தி, நாளுக்கு நாள் ஏறும் சிவப்பு, சீழ், திரும்பவும் மின்னல், நேற்றுத் தெரிந்தது இன்று தெரியாமல் போவது, ஓரத்திலிருந்து திரை மாதிரி வரும் நிழல். இதில் ஒன்று வந்தாலும் அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் உடனே போன் செய்ய வேண்டும். வாயு கரைய ஆரம்பித்ததும் தண்ணீர் மட்டம் மாதிரி ஒரு கோடு தெரியும், அது தினம் கொஞ்சம் கீழே இறங்கும், அதற்குப் பயப்பட வேண்டாம் என்றும் சொன்னாள். உம்மு சல்மா முழுவதையும் கேட்டுக்கொண்டாள். மன்சூர் அலியின் காதில் கடைசி வரி மட்டும் நன்றாக ஏறியது.

வீட்டுக்கு வந்ததும் கடையிலிருந்து இரண்டு பெரிய சூட்கேஸ்களை வரவழைத்து, ஹாலில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே தலையணை போட்டார்கள். நாற்காலியில் உட்கார்ந்து அதன் விளிம்பில் நெற்றியை வைத்துக்கொள்வார். வாயு நிரம்பிய கண்ணுக்குத் தரைகூடச் சரியாகத் தெரியாது. வருகிறவர்களை அவர் செருப்பைக் கழற்றும் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்தார். குவைத்திலிருந்து மகன் ஜவஹர் அலி வீடியோவில் கூப்பிட்டால், மருமகள் ரிஃபானா போனைத் தரையில் மல்லாக்க வைப்பாள். மாமா கிணற்றுக்குள் பேசுகிற மாதிரி இருக்கிறது என்று சிரிப்பாள். சொட்டு மருந்துக்கு அவளுடைய போனில் அலாரம். காகிதம் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டப்பட்டது. முதல் மூன்று நாள் எல்லாம் சட்டப்படி நடந்தது.

நான்காம் நாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகை முடிந்து, உம்மு சல்மா நானா என்று கூப்பிடுகிற மூத்த அண்ணன் சஃபியுல்லா வந்தார். ஜமாத்தில் பொறுப்பில் இருப்பவர், ஊரில் அவர் நின்றால் பத்துப் பேர் எழுந்து நிற்பார்கள். கூடவே நாகூரிலிருந்து இரண்டு பெரியவர்களையும் அழைத்து வந்திருந்தார். பேரீச்சம்பழமும் ஒரு பாட்டில் ஜம்ஜம் தண்ணீரும் கொண்டுவந்தார். உம்மு சல்மா பாட்டிலைப் பயபக்தியோடு வாங்கி, இது குடிக்கத்தான், கண்ணில் விடுவதற்கில்லை என்று ரிஃபானாவிடம் சொல்லி உள்ளே அனுப்பினாள். அந்த மட்டுக்கும் அவள் விழிப்பாகத்தான் இருந்தாள்.

சஃபியுல்லா சலாம் சொன்னார். பதில் சலாம் தலையணைக்குள்ளிருந்து வந்தது. நாகூர்ப் பெரியவர்கள் ஒரு பிடரியைப் பார்த்துப் பேசிக்கொண்டு நின்றார்கள். அண்ணனின் முகம் மாறுவதை உம்மு சல்மா பார்த்தாள். அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. நோயாளியைப் பார்க்க வருவது நன்மை தேடி வருவது. அப்படி வந்தவர்களை முகம் கொடுத்து உட்காரச் சொல்லாத வீடு என்று பேர் வந்துவிடக் கூடாது. அவள் கணவரின் காதருகே குனிந்தாள்.

"ஏங்க, நானா வந்துருக்காங்க. கூட பெரியவங்களும் இருக்காங்க. சித்த நிமிந்து பேசிடுங்க."

அவர் நிமிர்ந்தார். முக்கால் மணி நேரம் பேசினார்கள். பிறகு யாருக்கு நிமிராமல் இருப்பது? மச்சானுக்கு நிமிர்ந்தவர் மாமன் மகனுக்கு நிமிரவில்லை என்றால் அது வேறு பேச்சாகிவிடும். அதற்குப் பின் காலையிலும் மாலையிலும் ஆள் வந்தபடியே இருந்தது. அவர் கையால் பெயர் எழுதிய பெட்டியோடு போனவர்களின் அம்மாக்கள், அண்ணன்கள், விடுமுறைக்கு வந்தவர்கள், போலகத்திலிருந்தும் பூவத்திலிருந்தும் பஸ் பிடித்து வந்தவர்கள். உம்மு சல்மா டீ போட்டாள், இறால் வாடா பொரித்தாள், திரும்பவும் டீ போட்டாள். நாற்காலி போட்டு உட்கார நேரமில்லாமல் அடுப்படியில் நின்றே பொழுது போனது.

எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். மன்சூர் அலியும் ஒரே பதிலைத்தான் சொன்னார். அல்ஹம்துலில்லாஹ், நல்லாயிருக்கேன். அதில் பொய் என்று ஒன்றும் கிடையாது. எந்த நிலையில் வைத்தாலும் இறைவனைப் புகழ்வதுதான் அடியானுக்கு அழகு என்று சின்ன வயதிலேயே நாக்கில் ஊறிப்போன பேச்சு அது. உம்மு சல்மாவும் தன் வாப்பாவை அடக்கம் செய்த அன்றைக்குக்கூட, எப்படியிருக்கே என்று கேட்டவர்களிடம் அதையேதான் சொன்னாள். ஆனால் மன்சூர் அலி ஒரு நாளைக்கு இருபது தடவை சொன்னார். சொல்லும்போது குரலில் கடைக்காரரின் தெம்பு வேறு ஏறிக்கொண்டது.

பத்து நாள் வியாழக்கிழமை மதியம் முடிந்தது. கெடு தீர்ந்த மனிதர் நிமிர்ந்து நாற்காலியில் சாய்ந்தார். நர்ஸ் சொன்னபடியே கண்ணுக்குள் ஒரு கோடு தெரிந்தது. கோட்டுக்குக் கீழே கலங்கல், மேலே பளிச்சென்று இருந்தது. எதிர்ச்சுவரில் உயரத்தில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். பாங்கு நேரத்தைச் சிவப்பு எண்ணில் காட்டுகிற மின்கடிகாரம், குவைத்திலிருந்து வந்தது. நாலு பத்து என்று வாய்விட்டுப் படித்தார். படித்துவிட்டுக் குழந்தை மாதிரி சிரித்தார். உம்மு சல்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய் அழுதாள். அத்தனை சந்தோஷம் அவளுக்கு.

மறுநாள் ஜும்ஆவுக்குப் போய் வந்தார். பள்ளிவாசலில் பாதி ஊர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கியது. அன்று மாலை மக்ரிப் தொழுகைக்குப் பிறகு உம்மு சல்மா அடுப்படியில் வாடா பொரித்துக்கொண்டிருந்தபோது, ஹாலில் அவர் ரிஃபானாவிடம் மணி என்னம்மா என்று கேட்பது காதில் விழுந்தது. கரண்டி ஒரு கணம் நின்றது. ஏதோ பேச்சுவாக்கில் கேட்டிருப்பார் என்று அவளே தனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு அடுத்த வாடாவை எண்ணெயில் விட்டாள்.

சனிக்கிழமை காலையில் அவளிடமே கேட்டார். எதிரேதானே இருக்கிறது, பாருங்களேன் என்றாள். அவர் பார்த்தார். தொப்பியைப் புருவம்வரை இழுத்து விட்டுக்கொண்டவன் பார்ப்பதுபோல, மோவாயைத் தூக்கிக்கொண்டு பார்த்தார். பிறகு, கரண்ட் போச்சு போலிருக்கு, எண்ணைக் காணோமே என்றார். உம்மு சல்மா திரும்பிப் பார்த்தாள். ஒன்பது நாற்பத்திரண்டு என்று கடிகாரம் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. மேலே மின்விசிறியும் சுற்றிக்கொண்டிருந்தது.

என்ன தெரிகிறது என்று கேட்டதற்கு அவர் எரிந்து விழுந்தார். வாயு கரையும்போது கோடு வரும், போகும், அந்தப் பெண்தான் சொன்னாளே, திங்கட்கிழமை காட்டத்தானே போகிறோம் என்றார். உம்மு சல்மா ஃபிரிட்ஜ் பக்கம் போனாள். காகிதத்தை ஆரம்பத்திலிருந்து விரலை வைத்துப் படித்தாள். கோடு கீழே இறங்கும் என்றுதான் சொன்னார்கள். கீழே இறங்குகிற கோடு உயரத்தில் இருக்கிற கடிகாரத்தை எப்படி மறைக்கும்? நேற்றுத் தெரிந்தது இன்று தெரியாமல் போவது என்ற வரியில் அவள் விரல் நின்றுவிட்டது.

உடனே போனை எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. அது நிஜமாக இருந்தால், நிமிரச் சொன்னவள் அவள். தன் வாயால் சொன்ன ஒரு வார்த்தைக்கு அவருக்கு இருந்த ஒரே கண்ணும் விலையாகிவிட்டது என்று ஆகிவிடும். அந்த நினைப்பைத் தாங்க முடியாமல், இல்லை, இருக்காது என்று சொல்லிக்கொண்டு காலைப் பாத்திரத்தைத் தேய்க்கப் போனாள். நல்லவர்களும் புத்திசாலிகளும் பயந்தால் இப்படித்தான் பாத்திரம் தேய்ப்பார்கள்.

பதினோரு மணிக்குச் சுரக்குடியிலிருந்து நீலமேகம் வந்தார். மன்சூர் அலியோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர், அந்தப் பம்பரத்தைச் சுற்றிவிட்டவரும் அவர்தான். ஐம்பது வருஷத்துக்கு மேலாகியும் அவர் இந்த வீட்டுக்கு வரும்போது மன்சூர் அலியின் வலது கண்ணை நேராகப் பார்த்ததில்லை. வயல் வேலை முடிந்து இப்போதுதான் ஒழிந்தது என்று சொல்லி ஓரமாக உட்கார்ந்தார். அவர் பின்னாலேயே சஃபியுல்லாவும் வந்தார். டீ வந்தது. அப்போது ரிஃபானாவின் போன் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து விஷ்ணுப்ரியா. ஆபரேஷன் ஆனவர்களை விசாரிக்கும் வழக்கமான போன்தான். ரிஃபானா ஸ்பீக்கரில் போட்டு மாமாவிடம் நீட்டினாள்.

எப்படி இருக்கீங்க ஐயா என்றது போன். அல்ஹம்துலில்லாஹ், ரொம்ப நல்லாருக்கேம்மா என்றார் மன்சூர் அலி. வலி இருக்கிறதா? இல்லை. பார்வை எப்படி? அல்ஹம்துலில்லாஹ், ஒரு குறையும் இல்லை. சரி ஐயா, திங்கட்கிழமை பார்ப்போம் என்று அந்தப் பெண் வைக்கப்போனாள்.

அடுப்படி வாசலில் நின்ற உம்மு சல்மா போனை நோக்கி ஓரடி வைத்தாள். கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷத்தில், நாலு பேர் முன்னால் கணவர் சொன்னதை அவள் இல்லை என்று சொன்னது கிடையாது. அதுவும் அண்ணன் முன்னால்.

"வச்சிடாதீங்கம்மா," என்றாள். "இவங்க சொல்றது சரியில்ல. வியாழக்கெழம தெரிஞ்ச கடியாரம் நேத்துலேருந்து இவங்களுக்குத் தெரியல."

மன்சூர் அலியின் முகம் சிவந்தது. சஃபியுல்லா டம்ளரைக் கீழே வைத்தார்.

"சல்மா, மச்சான் அல்லாவைப் புகழ்ந்து நல்லாருக்குன்னு சொல்றாரு. நீ நடுவுல பூந்து இல்லேங்கறியே."

"நானா, அல்லாவுக்குச் சொல்ல வேண்டியத அவங்க சொல்லிட்டாங்க. டாக்டருக்குச் சொல்ல வேண்டியது பாக்கி இருக்கு."

விஷ்ணுப்ரியாவின் குரல் மாறிவிட்டது. யாராவது பக்கத்தில் நின்று தான் சொல்வதைச் செய்ய வேண்டும் என்றாள். ஐயாவை நேராக உட்காரவைத்து, எதிர்ச்சுவரைப் பார்க்கச் சொல்லுங்கள். இப்போது தலையை மெதுவாக இடது பக்கம் சாய்க்கட்டும், பிறகு வலது பக்கம். உள்ளே எது ஆடுகிறது, எது ஆடவில்லை என்று கேளுங்கள். உம்மு சல்மா கணவரின் இரண்டு கன்னங்களிலும் கை வைத்து, அவர் தலையைத் தானே சாய்த்தாள்.

கீழே இருக்கிற கோடு ஆடுகிறது, டம்ளர் தண்ணீர் மாதிரி, என்றார் அவர்.

"மேல?"

அவள் இன்னொரு தடவை சாய்த்தாள். அவருடைய தாடி அவள் உள்ளங்கையில் நடுங்கியது.

"மேல கறுப்பா இருக்குல்ல, அது ஆடலை சல்மா. அப்படியே நிக்குது."

ஆடுவது வாயு, நிற்பது வாயுவால் வருவதில்லை என்றாள் விஷ்ணுப்ரியா. விழித்திரை மறுபடி விலக ஆரம்பித்திருக்கலாம், திங்கட்கிழமைவரை வைத்துக்கொள்ளாதீர்கள், இப்போதே கிளம்புங்கள், டாக்டரிடம் நான் சொல்லிவைக்கிறேன், வழியில் சாப்பாடு எதுவும் கொடுக்க வேண்டாம் என்றாள்.

கிளம்புவதற்குக் காரைக்காலில் வண்டி வேண்டுமே. சனிக்கிழமை. திருநள்ளாற்றுக்கு வருகிற கூட்டத்துக்கு ஊரில் இருக்கிற அத்தனை வாடகைக் காரும் போயிருந்தது. ரிஃபானா நாலு பேருக்குப் போன் அடித்தாள். நாலு பேரும் கோயில் வாசலில் நின்றார்கள். உம்மு சல்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்போதுதான் ஓரமாக உட்கார்ந்திருந்த நீலமேகம் எழுந்தார். அவர் மகன் ரஞ்சித்குமாரும் கார் ஓட்டுகிறவன்தான், அவனும் அன்றைக்குச் சவாரியோடு திருநள்ளாற்றில்தான் இருந்தான். வரிசையில் நிற்கிறவர்கள் தரிசனம் முடித்து வர நாலு மணி நேரமாகும், அவர்களைத் திருப்பி அழைத்துப் போக வேறு ஆளைச் சொல்லிவிட்டு வண்டியைக் கொண்டுவா என்று மகனிடம் போனில் சொன்னார். இருபது நிமிஷத்தில் வண்டி வாசலில் நின்றது. நீலமேகம் யாரும் கேட்காமலேயே முன் சீட்டில் ஏறிக்கொண்டார்.

பின் சீட்டில் மன்சூர் அலி உம்மு சல்மாவின் மடியில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டார். போகும் வழியில் எப்படிப் படுக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியைக் கேட்டுத்தான் அப்படிச் செய்தார்கள். பூவம் தாண்டி, நண்டலாற்றுப் பாலத்தில் வண்டி ஏறி இறங்கியது. பிறகு மடியிலிருந்து குரல் வந்தது.

"வெள்ளிக்கெழம தொழுகையிலயே தெரிஞ்சுது. மிம்பர் மேடை மேல நின்ன இமாம் தலையக் காணோம்."

"ஏங்க சொல்லல?"

"வெளிய வந்தா அம்பது பேரு கேக்குறான், எப்படி இருக்குன்னு. அம்பது பேருகிட்டயும் நல்லாருக்குன்னேன். சொல்லிச் சொல்லி எனக்கே அது நெசமாப் போச்சு." குரலைத் தாழ்த்தி, "பயமாவும் இருந்துச்சு," என்றார்.

உம்மு சல்மா அவர் பிடரியில் கை வைத்தாள். தானும் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

"நாந்தானேங்க உங்கள நிமிரச் சொன்னேன்."

அவர் அவளுடைய மறு கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். முன் சீட்டில் நீலமேகம் ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினார். வெகு நேரம் கழித்து, சிதம்பரம் வந்துவிட்டது என்று யாரும் கேட்காத தகவலைச் சொன்னார்.

டாக்டர் பரிசோதித்து முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. விழித்திரையின் கீழ்ப் பாகம் விலகியிருந்தது. கண்ணுக்குள் கீழே விலகினால் பார்வையில் மேலே மறையும் என்று படம் போட்டுக் காட்டினார். கூர்மையாகப் பார்க்க உதவுகிற நடுப்பகுதி இன்னும் ஒட்டியபடிதான் இருந்தது. திங்கட்கிழமைவரை விட்டிருந்தால் அது இப்படி இருந்திருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன் என்றார். ஞாயிற்றுக்கிழமை காலையில் மறுபடி ஆபரேஷன். இந்தத் தடவை வாயுவுக்குப் பதில் எண்ணெய். சில மாதம் உள்ளேயே இருக்கும், பிறகு எடுப்பார்கள். மறுபடியும் பத்து நாள் கவிழ்ந்து இருக்க வேண்டும்.

உம்மு சல்மா டாக்டரின் அறை வாசல்வரை வந்துவிட்டுத் திரும்ப உள்ளே போனாள். அவர் நிமிர்ந்ததால்தான் இப்படி ஆனதா என்று கேட்டாள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். கவிழ்ந்தே கிடந்தவர்களுக்கும் இப்படி ஆவதுண்டு, நிமிர்ந்து திரிந்தவர்களுக்கு ஒட்டிக்கொண்டதும் உண்டு, அடிக்கடி நிமிர்ந்தது நல்லதில்லை, ஆனால் அதுதான் காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது என்றார். கடிகாரத்தைக் கவனித்தது நீங்கள்தானே என்று கேட்டார். ஆமாம் என்றாள். அதைக் கவனித்தது பலன் கொடுத்தது என்பதை மட்டும் நிச்சயமாகச் சொல்ல முடியும் என்றார். அவளுக்கு அதில் பாதி ஆறுதல்தான் கிடைத்தது. மீதிப் பாதி இன்னும் நெஞ்சில் உறுத்திக்கொண்டுதான் இருக்கிறது.

வீட்டுக்குத் திரும்பியதும் பழையபடி இரண்டு சூட்கேஸ், மேலே தலையணை. இந்த முறை உம்மு சல்மா வாசலில் தானே நின்றாள். வந்தவர்களிடம், நோயாளிக்காக வீட்டிலிருந்தே துஆ செய்யுங்கள், பத்து நாள் கழித்து நானே கூப்பிட்டு டீ கொடுக்கிறேன் என்று சிரித்த முகத்தோடு சொல்லி அனுப்பினாள். சிலர் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். போகட்டும் என்று விட்டுவிட்டாள். சஃபியுல்லாவை மட்டும் அவளால் தடுக்க முடியவில்லை. அண்ணன் நேராக உள்ளே வந்தார். நாற்காலியை ஒதுக்கிவிட்டு, வலிக்கிற முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்தும் முகம் தெரியவில்லை. அறுபத்தெட்டு வயது மனிதர், வெள்ளை ஜிப்பாவோடு அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து படுத்து, தலையணைக்குக் கீழே முகத்தை நீட்டினார்.

"அஸ்ஸலாமு அலைக்கும், மச்சான். எப்படி இருக்கு? உள்ளதச் சொல்லுங்க."

வ அலைக்கும் சலாம் என்று தொடங்கி மன்சூர் அலி கடைச் சரக்கை ஒப்பிப்பதுபோல ஒப்பித்தார். உறுத்தல் இருக்கிறது. வலி நேற்றைவிடக் குறைவு. மின்னல் இல்லை. நிழல் இல்லை, காலையிலிருந்து மூன்று தடவை பார்த்தாயிற்று. எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு அல்ஹம்துலில்லாஹ் என்றார். சஃபியுல்லாவும் படுத்தபடியே அல்ஹம்துலில்லாஹ் என்றார். ரிஃபானா சிரிப்பை அடக்க முடியாமல் அடுப்படிக்கு ஓடிவிட்டாள்.

எட்டாம் நாள் பிற்பகல் வீட்டில் வேறு யாரும் இல்லை. ரிஃபானா கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். உம்மு சல்மா சொட்டு மருந்து விட்டுவிட்டு, கணவருக்கு எதிரே சின்ன முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். கால்களைச் சூட்கேஸுக்குப் பக்கவாட்டில் அவர் பக்கமாக நீட்டிக்கொண்டாள். எண்ணெய் வழியாக அவருக்குத் தரை மங்கலாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. இரண்டு நாளாக டைல்ஸ் கோடு நேராக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அவருக்கு வேலை.

"சல்மா, வீட்டுச் செருப்ப ஏன் மாத்திட்ட? இது ரிஃபானாவோடதுல்ல?"

தன்னுடையது காலை இறுக்குகிறது, அதனால்தான் என்றாள். அவர் கையைக் கீழே விட்டுத் துழாவி, அவள் கணுக்காலைப் பிடித்தார். கட்டை விரலால் அழுத்தினார். கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்துவிட்டு எடுத்தார். அந்த இடத்தில் குழி விழுந்து அப்படியே நின்றது. அவர் தலையை அசைக்காமல் அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை நாளா வீங்கிருக்கு?"

ஒண்ணுமில்லைங்க, அல்ஹம்துலில்லாஹ், நல்லாத்தான் இருக்கேன் என்ற வார்த்தை அவள் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வந்ததை அவளே கேட்டாள். எதிரே கவிழ்ந்திருந்த தலையைப் பார்த்தாள். நரைத்த பிடரி அசையாமல் பதிலுக்காகக் காத்திருந்தது.

"நீங்க மொத ஆபரேஷன் பண்ணிட்டு வந்தீங்கல்ல, அதுலேருந்து," என்றாள். "நாலு படி ஏறுனா மூச்சும் வாங்குதுங்க."

அவர் கணுக்காலிலிருந்து கையை எடுக்கவில்லை.

"ரிஃபானா வரட்டும், இன்னைக்கு சாயந்தரமே டாக்டர்ட்ட போயிட்டு வாங்க. அங்க போயி நீ நல்லாருக்கேன்னு சொன்னேன்னு வையி, நான் இங்கேருந்தே போன் போட்டு இல்லேன்னு சொல்லுவேன்."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அழுகையை அடக்கவில்லை. சொட்டுச் சொட்டாக விழுந்ததை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்த அவர் பார்த்தார்.